‘அப் நேப்பா!’ என்று கூவும் பிள்ளைகள்



இரவு எட்டு மணி. தெரு முழுவதும் கும்மிருட்டு. திடீரென்று விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. அடுத்த நொடி, வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி, பிள்ளைகள் ஒரே குரலில் கூவுகிறார்கள்:

“அப் நேப்பா!”

இந்தக் கூச்சல் எழுவது ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாட்டில். ‘நேப்பா’ என்பது 1972ல் அங்கே தொடங்கப்பட்ட மின்வாரியத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். ‘அப் நேப்பா’ என்றால், ‘மின்வாரியம் வாழ்க!’ என்று வைத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், 2005லேயே அந்த வாரியத்தின் பெயர் மாறிவிட்டது. 2013ல் அதன் பெரும்பகுதி தனியார் கைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்கூட இன்னும் ‘அப் நேப்பா’ என்றுதான் கூவுகிறார்கள். கரண்ட் போவதும் வருவதும் மட்டும் மாறவில்லையே!

இந்த வாரம் அந்தப் பிள்ளைகளோடும், அவர்களுடைய அண்ணன் அக்காக்களோடும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவோமா?

எண்ணெய் இருக்கிறது, விளக்கு இல்லை

முதலில் அட்லஸை எடுங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம், கடல் உள்வாங்கி வளைந்திருக்கும் இடத்துக்கு மேலே பாருங்கள். அதுதான் நைஜீரியா. 1960 அக்டோபர் 1ம் தேதி பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஆப்பிரிக்காவிலேயே மக்கள்தொகை மிகுந்த நாடு இதுதான். 22 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். ஹவுசா, யொரூபா, இக்போ என்று மூன்று பெரிய மொழிகள். சிறிய மொழிகளையும் சேர்த்தால் 500ஐத் தாண்டும்! இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும்: அந்த மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 20 வயதுகூட நிரம்பாதவர்கள். பிள்ளைகளின் நாடு என்றே சொல்லலாம்.

1956ல் அங்கே ஒலோய்பிரி என்ற ஊரில் பெட்ரோலிய எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து கப்பல் கப்பலாக எண்ணெய் வெளிநாடுகளுக்குப் போகிறது. அப்படிப்பட்ட நாட்டில் விளக்கு எரியாமல் போவானேன்?

ஒரு கணக்குப் போடுவோம். அங்குள்ள மின்கம்பிகள் வழியாக வழக்கமாகக் கிடைக்கும் மின்சாரம் 4,000 முதல் 5,000 மெகாவாட் வரைதான். 5,000 என்றே வைத்துக்கொண்டு 22 கோடிப் பேருக்குப் பங்கு போடுங்கள். ஆளுக்கு எவ்வளவு வருகிறது? சுமார் 23 வாட்! பழைய காலத்து 40 வாட் குண்டு பல்பு ஒன்றைக்கூட ஒழுங்காக எரிய வைக்க முடியாது. மின்நிலையங்களுக்குப் போதிய எரிவாயு வருவதில்லை. கம்பிகளும் மின்மாற்றிகளும் பழையவை. கம்பெனிகளுக்குள் கடன் பாக்கி. இப்படிப் பல காரணங்கள். 8.5 கோடிப் பேருக்கு மின்இணைப்பே கிடையாது என்று 2021ல் உலக வங்கி சொன்னது. 2024ல் நாட்டின் மின்தொகுப்பே பலமுறை மொத்தமாகச் செயலிழந்தது.

ஆகவே கொஞ்சம் வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வைத்துக்கொண்டார்கள். சூட்கேஸ் அளவில் ஒரு சின்ன ஜெனரேட்டர் உண்டு. அதற்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்.’ அதாவது, ‘பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல்!’ இருட்டிலும் கேலி பேசத் தெரிந்த மக்கள்!

ஆனால் ஜெனரேட்டர் பெட்ரோல் குடிக்குமே? 2023 மே 29ம் தேதி, பெட்ரோலுக்கான மானியம் இனி இல்லை என்று புதிய அதிபர் அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த விலை, சில நாட்களில் 500 நைராவை ஒட்டிப் போய்விட்டது. நைரா என்பது அவர்களுடைய பணம். பெட்ரோல் ஏறியதும் பஸ் கட்டணம் ஏறியது. அரிசி, பீன்ஸ், ரொட்டி எல்லாம் ஏறின. நேற்றுவரை இரண்டு மணி நேரம் ஓடிய ஜெனரேட்டர் இன்று அரை மணி நேரம் ஓடினால் பெரிது. அந்த அரை மணிக்குள் வீட்டுப்பாடம், செல்போன் சார்ஜ், அம்மாவின் இஸ்திரி எல்லாம் முடிந்தாக வேண்டும். ‘அப் நேப்பா’ என்ற கூவலில் ஏன் அத்தனை மகிழ்ச்சி என்று இப்போது புரிகிறதா?

காலை நேரத்து லாகோஸ்

பொழுது விடியட்டும். நைஜீரியாவின் மிகப் பெரிய நகரமான லாகோஸுக்குப் போவோம். 1991 வரை அதுதான் தலைநகர். பிறகு அபுஜாவுக்கு மாறியது.

தெருமுனையில் ஓர் அம்மா எண்ணெய்ச் சட்டியை வைத்து ‘அக்கரா’ சுடுகிறார். காராமணிப் பயற்றை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்துப் பொரிப்பது. சுருக்கமாகச் சொன்னால், வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி! சாலையில் கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் வேன்கள் ஓடுகின்றன. இவற்றுக்கு ‘டான்ஃபோ’ என்று பெயர். கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டே ஊர்ப்பெயரைக் கூவுகிறார். குறுக்கே ‘கேகே’ என்ற மூன்று சக்கர வண்டி நுழைகிறது. உற்றுப் பாருங்கள். அட, நம் ஆட்டோ! ஆமாம், இந்தியாவில் தயாராகும் பஜாஜ், டி.வி.எஸ். ஆட்டோக்கள்தாம் அங்கே கேகேயாக ஓடுகின்றன.

போக்குவரத்து நெரிசலுக்கு அங்கே ‘கோ-ஸ்லோ’ என்று பெயர். வண்டிகள் நின்றால் போதும், இரண்டு வரிசைகளுக்கு நடுவே வியாபாரம் தொடங்கிவிடும். வறுத்த வேர்க்கடலை, வாழைக்காய் வறுவல், ‘ப்யூர் வாட்டர்’ எனப்படும் தண்ணீர்ப் பாக்கெட். தலையில் தட்டைச் சுமந்தபடி, நகரத் தொடங்கிய வண்டியோடு சேர்ந்து ஓடி, மீதிச் சில்லறையை ஜன்னல் வழியே நீட்டுகிற கைகளைப் பாருங்கள். அவற்றில் பல, உங்கள் வயதுப் பிள்ளைகளின் கைகள்.

‘இந்நேரம் பள்ளியில் இருக்க வேண்டாமா?’ என்று கேட்கிறீர்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2003ல் குழந்தைகள் உரிமைச் சட்டம் வந்தது. 2004ல் முதல் ஒன்பது ஆண்டுக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கி இன்னொரு சட்டம் வந்தது. ஆனாலும் தொடக்கப்பள்ளி வயதில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்று ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் கூறுகிறது. கல்வி இலவசம் என்றாலும் சீருடை, நோட்டு, பஸ் கட்டணம் இலவசம் இல்லையே. அரசுப் பள்ளி தொலைவில் இருந்தால், பக்கத்தில் உள்ள சிறிய தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

கட்டணத்துக்கு ஒரு பள்ளி கண்ட வழியைக் கேளுங்கள். லாகோஸில் அஜெகுன்லே என்ற ஏழைக் குடியிருப்பு. அங்குள்ள ஒரு பள்ளி, பணத்துக்குப் பதிலாகக் காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கிக்கொண்டது 2019ல் செய்தியானது. பெற்றோர் பாட்டில்களை மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். எடை போட்டு, அதற்குரிய தொகையைக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். பாட்டில்கள் மறுசுழற்சிக்குப் போய்விடும். சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடந்த பாட்டில், ஒரு பிள்ளைக்கு வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டது!

பள்ளிக்குப் போவதே துணிச்சல்

நாட்டின் வடகிழக்கே போனால் கவலை வேறுவிதம். அங்கே போகோ ஹராம் என்ற ஆயுதக் கூட்டம் பள்ளிகளைத் தாக்கிவந்தது. 2014 ஏப்ரல் 14ம் தேதி இரவு, சிபோக் என்ற ஊரில் தேர்வு எழுதத் தங்கியிருந்த 276 மாணவிகளை அந்தக் கூட்டம் கடத்திக்கொண்டு போனது. சிலர் வழியிலேயே தப்பினார்கள். பலர் பின்னாளில் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் பத்து ஆண்டுகள் கடந்த பிறகும் 80க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு மனம் கனக்கும். எனக்கும்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்தவர்களில் பலர் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். சிலர் பல்கலைக்கழகம் வரை போனார்கள். நமக்குக் காலை மணி அடித்தால் பள்ளி. அவர்களுக்கோ, பள்ளிக்குப் போவது என்பதே ஒரு முடிவு.

ஒரு தேர்வு, பல லட்சம் கனவு

பள்ளிப் படிப்பை முடித்த அண்ணன் அக்காக்கள் என்ன செய்கிறார்கள்? ‘ஜாம்ப்’ நடத்தும் தேர்வுக்குத் தயாராகிறார்கள். 1978ல் தொடங்கப்பட்ட இந்த வாரியம்தான் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வை நடத்துகிறது. ஆங்கிலத்தோடு மூன்று பாடங்கள், மொத்தம் 400 மதிப்பெண், கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். வீட்டில் கரண்டே இல்லாத பிள்ளை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும்!

2025ல் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தேர்வை எழுதினார்கள். முடிவு வந்தபோது 15 லட்சத்துக்கும் அதிகமானோர் 200 மதிப்பெண்கூடப் பெறவில்லை. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதே இல்லை’ என்று பெரியவர்கள் பலர் பேசினார்கள். மாணவர்களோ, ‘எங்கோ தவறு நடந்திருக்கிறது, பாருங்கள்’ என்று விடாமல் முறையிட்டார்கள். பார்த்தால், லாகோஸிலும் தென்கிழக்கு மாநிலங்களிலும் தேர்வுக் கம்ப்யூட்டர்களில் கோளாறு! சுமார் 3.8 லட்சம் பேருக்கு மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று. வாரியத்தின் தலைமை அதிகாரி பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டுக் கண்கலங்கினார். மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இடம் கிடைத்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தாயிற்று. இனிக் கவலை இல்லை அல்லவா? அதுதான் இல்லை. சம்பளம், பல்கலைக்கழகங்களுக்கான நிதி ஆகியவற்றுக்காக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்வது அங்கே அடிக்கடி நடக்கும். 2022ல் பிப்ரவரி 14 முதல் அக்டோபர் 14 வரை, முழுதாக எட்டு மாதங்கள் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன. நான்கு ஆண்டுப் படிப்பு, ஐந்து ஆறு ஆண்டுகள் என்று நீள்வது இப்படித்தான். காத்திருக்கும் நாட்களில் சிலர் தையல் கற்றார்கள், சிலர் செல்போன் கடை வைத்தார்கள், சிலர் டியூஷன் எடுத்தார்கள். கையில் காசு குறைந்தால் இருக்கவே இருக்கிறது ‘காரி’. மரவள்ளிக் கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, வறுத்த மாவு. குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சர்க்கரையும் நாலு வேர்க்கடலையும் சேர்த்துக் கலக்கினால் மாணவர் விடுதியின் ராத்திரிச் சாப்பாடு தயார்!

படிப்பு முடிந்ததும் இன்னொரு கடமை உண்டு. 1967 முதல் 1970 வரை அந்த நாட்டில் பெரிய உள்நாட்டுப் போர் நடந்தது. பிரிந்த மனங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று 1973ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 30 வயதுக்குள் பட்டம் பெறுவோர், பெரும்பாலும் தங்களுக்குப் பழக்கமில்லாத வேறொரு மாநிலத்தில் ஓராண்டு நாட்டுத் தொண்டு செய்ய வேண்டும். தெற்கத்திப் பெண் வடக்கே ஒரு கிராமத்தில் கணக்கு டீச்சராக நிற்பாள். மொழி புரியாது, சாப்பாடு புதிது. மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். அதற்குச் செல்லப் பெயர் ‘அலாவி’.

அந்த ஓராண்டும் முடிந்தால்? அங்கேதான் பலர் திகைத்து நிற்கிறார்கள். யொரூபா மொழியில் ‘ஜாக்பா’ என்று ஒரு சொல் உண்டு. ‘ஓடித் தப்பித்துவிடு’ என்று பொருள். படித்த டாக்டர்களும் நர்ஸுகளும் இளைஞர்களும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போவதை இப்போது இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். போகிறவர் வீட்டில் சிரிப்பும் அழுகையும் ஒரே நாளில் நடக்கும்.

இருப்பதை வைத்துத் தொடங்கியவர்கள்

எல்லோருமா போய்விட்டார்கள்? இல்லை. மூன்று கதைகள் சொல்கிறேன், கேளுங்கள்.

நைஜீரியாவில் போலி மருந்து ஒரு பெரிய தொல்லை. அனம்ப்ரா மாநிலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஐந்து சிறுமிகள் இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள். மருந்து அட்டையில் உள்ள பார்கோடைச் செல்போனால் படித்து, அது அசலா, காலாவதியானதா என்று சொல்லும் செயலி ஒன்றை உருவாக்கினார்கள். 2018ல் அமெரிக்காவில் நடந்த டெக்னோவேஷன் என்ற உலகப் போட்டியில் இளையோர் பிரிவில் முதல் பரிசு அவர்களுக்கே!

இரண்டாவது கதை, லாகோஸை அடுத்த இகொரோடு என்ற ஊரில். (ஈரோடு என்று படித்துவிடாதீர்கள்!) அண்ணன் தம்பிகளும் உறவுக்காரப் பையனுமாகச் சேர்ந்து, பெரிய ஹாலிவுட் படங்களின் முன்னோட்டக் காட்சிகளை அப்படியே நடித்து வீடியோ எடுப்பார்கள். விலை உயர்ந்த கார் வேண்டுமா? தள்ளுவண்டி இருக்கிறது! ஆயுதம் வேண்டுமா? மரக்கட்டையும் சமையலறைச் சாமானும் இருக்கின்றன! ‘இகொரோடு பாய்ஸ்’ என்ற பெயரில் 2020ல் இவர்கள் எடுத்த ஒரு வீடியோவை, அந்தப் படத்தைத் தயாரித்த ரூசோ சகோதரர்களே பார்த்து வியந்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அவர்களுக்குப் புதிய கேமராக்களும் கருவிகளும் அனுப்பி வைத்தது.

மூன்றாவது கதையின் நாயகரும் இகொரோடுக்காரர்தான். டுண்டே ஒனகோயா என்று பெயர். சிறுவயதில் வீட்டில் வறுமை. முடிதிருத்தும் கடையில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துச் செஸ் கற்றுக்கொண்டார். பள்ளிக் கட்டணத்துக்கு ஈடாக அவருடைய அம்மா அதே பள்ளியில் துப்புரவுப் பணி செய்தார். வளர்ந்த பிறகு, 2018ல், குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். லாகோஸில் நீரின் மேல் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய வீடுகளில் மக்கள் வாழ்ந்த மகோகோ என்ற பகுதிக்கும் செஸ் பலகை போனது. அங்கே 2021ல் நடந்த போட்டியில் வென்றவன், பெருமூளை வாதத்தால் உடல் அசைவுகள் சிரமமான 10 வயதுச் சிறுவன்! 2024 ஏப்ரலில் ஒனகோயா நியூயார்க் நகரின் நடுவே அமர்ந்து 60 மணி நேரம் தொடர்ந்து செஸ் ஆடினார். எதற்காக? ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் திரட்ட.

கைதட்டிய பிறகு ஒரு கேள்வி

குழந்தைகளே, இவற்றைப் படித்ததும் உங்களுக்குக் கைதட்டத் தோன்றும். தட்டுங்கள். ஆனால், ‘கஷ்டப்பட்டால்தான் பிள்ளைகள் முன்னேறுவார்கள்’ என்று யாராவது இதற்கு விளக்கம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஐந்து சிறுமிகள் பரிசு வாங்கினார்கள் என்றால், அவர்களைப் போலவே அறிவுள்ள எத்தனையோ சிறுமிகள் அந்த நேரத்தில் கோ-ஸ்லோவில் தண்ணீர்ப் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். துணிச்சல் நல்லதுதான். ஆனால் விளக்கு எரியவும், பள்ளிக்குப் போகவும் ஒரு பிள்ளைக்குத் துணிச்சல் தேவைப்படக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது பெரியவர்களின் வேலை.

நைஜீரிய இளைஞர்களுக்கு இது தெரியும். நாட்டில் பாதிக்கு மேல் இளையவர்கள். சட்டம் செய்கிறவர்கள் மட்டும் ஏன் எப்போதும் பெரியவர்கள் என்று கேட்டார்கள். ‘போட்டியிட நாங்கள் ஒன்றும் சிறியவர்கள் அல்ல’ என்று நாடு முழுவதும் இயக்கம் நடத்தினார்கள். 2018 மே 31ம் தேதி அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. அதுவரை பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட 30 வயது ஆக வேண்டும்; அது 25 ஆனது. அதிபர் பதவிக்கு 40 என்பது 35 ஆனது. மாயம் எதுவும் இல்லை. கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கிடைத்தது.

இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். விளக்கைப் போட்டுப் படிக்க உட்காரும்போது, ஒரு தாளில் 23 வாட் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அறையில் ஓடும் ஃபேன் எத்தனை வாட், பல்பு எத்தனை வாட் என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டுக் கூட்டிப் பாருங்கள். லாகோஸில் உங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தி, தன் பங்கு வெளிச்சத்தில் எத்தனை பக்கம் படித்திருப்பாள் என்று அப்போது உங்களுக்கே தெரியும்.